சுணை ஏறிய விரலுக்கு எது நல்லது: முள்வாங்கியா, வினிகரா, பிளாஸ்திரியா?

கடல் உயிரினங்களை வளர்க்கும் உப்புநீர்த் தொட்டியில் பாறையை நகர்த்த வெறுங்கையை விட்டவர்களில் பலர், அதன் அடிப்பக்கத்தில் ஒண்டியிருந்த பிரிசில் வோர்மை, அதாவது சுணை என்னும் மெல்லிய முள்மயிர்கள் கொண்ட கடற்புழுவை, ஒரு முறையாவது அறியாமல் அழுத்தியிருப்பார்கள். கம்பளிப்பூச்சி பட்டதுபோன்ற எரிச்சலும் அரிப்பும், சற்று நேரத்தில் சிவந்து தடிக்கும் தோலும் அவர்களுக்குப் பழக்கமானவையே. அடுத்து என்ன செய்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு. முள்வாங்கி, வினிகர், பிளாஸ்திரி ஆகிய மூன்றையும் என் விரல்களிலேயே பார்த்துவிட்ட நான், இப்போது பிளாஸ்திரியின் பக்கம் நிற்கிறேன்.

குளவியைப்போல இந்தப் புழு கொடுக்கால் கொட்டுவதில்லை. உடலின் இருபுறமும் கொத்துக்கொத்தாக நிற்கும் சுணைகள் நம் தோலில் ஏறிவிடுகின்றன, அவ்வளவுதான். தொட்டிகளில் கைக்கு வம்பாகும் புழுக்கள் பெரும்பாலும் ஆம்ஃபினோமிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றுள் அடிக்கடி காணப்படுவது யூரித்தோ. இக்குடும்பத்தின் சுணைகள் சுண்ணாம்புப் பொருளான கால்சியம் கார்பனேட்டால் ஆனவை என்பதால், கண்ணாடி இழையைப்போல மெல்லியவையாகவும் எளிதில் முறிபவையாகவும் இருக்கின்றன. யூரித்தோ காம்ப்ளனேட்டா என்னும் இனத்திலிருந்து அழற்சியை உண்டாக்கும் காம்ப்ளனின் என்ற வேதிப்பொருளையும் பிரித்தெடுத்திருக்கிறார்கள். எனவே எந்த முறையையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன்: அது சுணையை முழுதாக வெளியே எடுக்கிறதா, அல்லது பாதியில் முறித்துவிடுகிறதா?

முள்வாங்கி இந்தக் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது. கருவேல முள்ளை எடுக்க அதைவிடச் சிறந்த கருவி இல்லை. ஆனால் ஒரே இடத்தில் டஜன் கணக்கில் நிற்கும், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மட்டுமே மின்னும் இழைகளை அதன் நுனி நசுக்கி முறிக்கிறது. முதல் முறை அரை மணி நேரம் அதனுடன் போராடியதில் எனக்கு மிஞ்சியது, தோலோடு தோலாக ஒடிந்த சுணைகளும் வீங்கிய விரலும்தான். தனித்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு தடித்த சுணைகளுக்கு வேண்டுமானால் அது உதவும்.

பிளாஸ்திரி அவற்றை நசுக்குவதில்லை; எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பற்றித் தூக்குகிறது. சப்பாத்திக்கள்ளியின் பூமுள் ஏறியவர்கள் கையாளும் அதே உத்திதான் இது. ஆனால் ஈரக்கையில் எந்தப் பசையும் ஒட்டாது என்பதையும், துண்டால் துடைத்தால் சுணை ஒடிந்து இன்னும் ஆழமாக ஏறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆகவே கையைத் தேய்க்காமல் மின்விசிறியின் கீழ் காயவிட்டு, மருந்துக்கடையில் விற்கும் துணிப் பிளாஸ்திரியில் ஒரு துண்டை மெதுவாகப் பதித்து, சுணைகள் சாய்ந்திருக்கும் திசையைப் பார்த்து அதற்கேற்ப உரிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதுத்துண்டு வேண்டும். ஏற்கெனவே சுணை ஒட்டிய துண்டை மறுபடி அழுத்தினால் எடுத்ததையே திரும்பக் குத்திக்கொள்வோம். பெட்டிகளை ஒட்டும் முரட்டு டேப் தோலையும் சேர்த்து உரித்துவிடும் என்பதால் அதை நான் தொடுவதில்லை. நான்கைந்து துண்டுகளுக்குப் பிறகு, விரலைத் தடவினால் வரும் சுருக்கென்ற வலி பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

வினிகரை நான் ஒதுக்கவில்லை, இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். அமிலம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கும். முட்டை ஓட்டைச் சமையல் வினிகரில் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பிளாஸ்திரி விட்டுவைத்த துணுக்குகளுக்காகப் பஞ்சில் நனைத்து 10 அல்லது 15 நிமிடம் வைக்கிறேன். ஆனால் தோலுக்குள் புதைந்த பகுதியை அது எவ்வளவு எட்டுகிறது என்பதை வெளியிலிருந்து பார்த்து அறிய வழியில்லை. கீறிய தோலில் அதன் எரிச்சலும் சிறிதல்ல. வினிகர் பட்ட கையை நன்கு கழுவாமல் மீண்டும் தொட்டிக்குள் விடவும் கூடாது. பிளாஸ்திரியும் வினிகரும் சேர்ந்த வரிசையை நான் கையாண்டது இரண்டே முறை, இரண்டும் சிறிய புழுக்கள். கையளவு நீளமுள்ள புழுவிடம் அகப்பட்டவரின் அனுபவம் வேறாக இருக்கலாம்.

அரிப்புக்குப் பனிக்கட்டி ஒத்தடமும் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பும் எனக்குப் போதுமாக இருந்தன. வீக்கம் கைமுழுதும் பரவினாலோ, மூச்சுத் திணறினாலோ, சுணை கண்ணில் பட்டிருந்தாலோ இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை; உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எரிச்சல் ஓய்ந்து சில வாரங்களுக்குப் பிறகும் அந்த இடத்தில் ஆறாத கட்டி நின்றால், வீட்டில் மீன் தொட்டி இருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தொட்டி நீரில் வாழக்கூடிய மைக்கோபாக்டீரியம் மாரினம் என்ற கிருமி சிறு காயத்தின் வழியே நுழைந்து அப்படிப்பட்ட கட்டியை உண்டாக்கும். தொட்டியைப் பற்றித் தெரியாத மருத்துவருக்கு அதன்மேல் சந்தேகம் எழ வாய்ப்பு குறைவு.