பயிற்சியா, கரண்டா, மாத்திரையா? எம்.எஸ். உள்ள பெண்ணின் சிறுநீர் அவசரத்துக்கு எது சரிப்படும்

தென்காசி பஸ்ஸில் போகிற மற்றவர்களுக்கு ஆலங்குளம் பாதி வழி. எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைக் கெடுக்கிற நோய்) உள்ள எனக்கு ஒரு காலத்தில் அதுதான் கழிப்பறை. அங்கே இறங்கி, போய்விட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து அம்மா வீட்டுக்குப் போய்ச் சேருவேன். கிளம்புகிற அன்று காலையிலிருந்தே பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் பார்த்துக்கொள்வேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பையை இன்னும் உறுத்தும், தொற்றும் மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். தொற்றோடு காய்ச்சலும் வந்தால், எம்.எஸ். திரும்பத் தாக்கிவிட்டதோ என்று பயப்படும் அளவுக்குக் கால் தளர்ந்துவிடும்.

இருக்கிற வழிகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு ஸ்கேன். சிறுநீர் போய்விட்டு வந்ததும் பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்ப்பது, ஐந்து நிமிட வேலை. எம்.எஸ்.ஸில் பை நிறையும் முன்பே சுருங்கி முட்டுவதும் உண்டு, முழுசாகக் காலியாகாமல் தங்குவதும் உண்டு, சிலருக்கு இரண்டும் சேர்ந்தே. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே அடிக்கடி ஓடுவதாகத்தான் தெரியும். மிச்சம் 100 மில்லிக்கு மேல் நின்றால் டாக்டர்கள் பெரும்பாலும் சின்னக் குழாயை நாமே விட்டு வடிக்கிற முறையைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு மிச்சம் அவ்வளவு இல்லை. அதனால் கீழே சொல்வதெல்லாம் முட்டுகிற, கசிகிற வகைக்கு.

முதலில் வெறும் பயிற்சி. இடுப்புத் தளத் தசையை இறுக்கிப் பிடித்து விடுவது, அதாவது கீகல். செலவே இல்லை. எனக்கு ஒரு இடத்தில் தாளில் எழுதிக் கொடுத்து ரெண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். ரெண்டு மாதம் செய்தேன், ஒரு சொட்டு குறையவில்லை. வேடிக்கை என்னவென்றால், 1948-இல் இதை எழுதிய டாக்டர் ஆர்னால்ட் கீகல் வெறும் தாளைக் கொடுத்து அனுப்பவில்லை. தசை எவ்வளவு அழுத்துகிறது என்று பெண்ணே பார்த்துக்கொள்ள ஒரு அளவுக் கருவியையும் வைத்திருந்தார். நம் கைக்கு வந்து சேரும்போது கருவி கழன்று தாள் மட்டும் மிஞ்சிவிட்டது.

அடுத்து, திரையோடு பயிற்சி, பயோஃபீட்பேக். உள்ளே விரல் அளவு ஒரு கருவி, வயிற்றில் ஒரு பட்டை, எதிரே திரையில் ரெண்டு கோடு. "இறுக்குங்கக்கா" என்றாள் பிசியோ பெண். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினேன். வயிற்றுக் கோடு துள்ளிக் குதித்தது, கீழ்க் கோடு படுத்தே கிடந்தது. ரெண்டு மாதமாக நான் வயிற்றையும் தொடையையும்தான் இறுக்கியிருக்கிறேன்! "காத்து பிரியாம அடக்குற மாதிரி, ஆனா மூச்சை விட்டுக்கிட்டே" என்றாள். அப்போதுதான் கீழ்க் கோடு லேசாக, கொசு கடித்த மாதிரி, மேலே எழுந்தது. (போகிற சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பழகச் சொல்பவர்கள் உண்டு. அதை அன்றாடப் பயிற்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள், பை சரியாகக் காலியாகாமல் போகும்.)

மூன்றாவது, அதோடு கரண்ட். எம்.எஸ்.ஸில் மூளை அனுப்புகிற உத்தரவு வழியிலேயே மங்கிவிடுவதால், மெல்லிய மின்சாரம் தசையைச் சுருக்கிக் காட்டும், நாமும் கூடவே இறுக்க வேண்டும். வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2008-இல் வெளியிட்ட சோதனையில் எம்.எஸ். உள்ள 74 பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் பயிற்சியும் திரையும் உண்டு, பாதிப் பேருக்கு நிஜ கரண்ட், மீதிப் பேருக்குப் பொய் கரண்ட். கசிவு நிஜ கரண்டில் 85 சதவீதமும் பொய் கரண்டில் 47 சதவீதமும் குறைந்தது. ஆள் கணக்கு சின்னதுதான். ஆனால் கரண்ட் இல்லாமலே கிட்டத்தட்ட பாதி குறைந்திருக்கிறதே, என்னை யோசிக்க வைத்தது அதுதான். கர்ப்பிணிகளுக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் இது ஆகாது.

உள்ளே கருவி வைப்பதற்குக் கூச்சம் என்றால் கணுக்கால் பக்கத்து நரம்புக்குக் கரண்ட் கொடுக்கலாம். ஊசியிலும் செய்வார்கள், ஸ்டிக்கரிலும் செய்வார்கள், அரை மணி நேரம், சேலையைக் கொஞ்சம் தூக்கினால் போதும். கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அவசரம் தணியும். தசை பலப்படாது.

சரி, மாத்திரை. வேகத்தில் இதுதான் முந்தும். பயிற்சிக்கு மூன்று மாதம் பொறுக்க வேண்டும், மாத்திரை சில வாரத்தில் வேலையைக் காட்டிவிடும். தங்கச்சி கல்யாணத்துக்கு, பை முட்டுவதை அடக்குகிற ஆக்ஸிபியூட்டினின் மாத்திரை போட்டேன். மண்டபத்தில் ஓடவில்லை, உண்மை. ஆனால் நாக்கு காய்ந்து, மறுவீட்டுச் சொதியையே தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் விழுங்கினேன், மொய் எழுதினவர்கள் பெயரெல்லாம் குழம்பியது. மலச்சிக்கல் தனி. மிராபெக்ரான் என்கிற இன்னொரு மாத்திரை வேறு வழியில் வேலை செய்வதால் வாயை அவ்வளவு காயவைக்காது, பிரஷரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாத்திரை எதுவும் பிடிபடாதவர்களுக்குப் பைக்குள் போடாக்ஸ் ஊசி இருக்கிறது, மாதக் கணக்கில் தாங்கும், ஆனால் அதற்குப் பிறகு குழாய் விட்டு வடிக்க வேண்டிவரலாம் என்பதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

என் ஓட்டு திரையோடு சேர்ந்த பயிற்சிக்கு. கோடு எழவே இல்லை என்றால் கரண்ட். தசை ஏற்கெனவே இறுகிக் கிடப்பவர்கள் மேலும் இறுக்கினால் கோளாறு கூடும், அவர்கள் தளர்த்தத்தான் பழக வேண்டும், அதனால் ஒரு தடவையாவது பிசியோவிடம் காட்டிவிடுங்கள்.

மதினிக்கு எம்.எஸ். கிடையாது, ரெண்டு பிரசவத்துக்கு அப்புறம் தும்மினால் கசியும். நான் சொல்லிக்கொடுத்த வெறும் பயிற்சியே அவருக்குப் பிடித்துக்கொண்டது, நரம்பு நன்றாக இருக்கிறதே. மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே பத்து எண்ணுவரை பிடிப்பார். நான் வெயில் ஏறும் முன்பே, காலையில் படுத்தபடி செய்கிறேன், ஆறு எண்ணுவதற்குள் தசை சோர்ந்துவிடும், அவ்வளவு நேரம் ஓய்வு கொடுத்து மறுபடி. "ஏளா, இன்னைக்கு எத்தனை?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். போன வாரம் ஏழு.

ஆலங்குளத்தில் இப்போதும் சில நாள் இறங்கத்தான் செய்கிறேன், தண்ணீர் பாட்டிலைக் காலி பண்ணிவிட்டு.