யார் கையில் ஸ்விட்ச்? மாதப் பில், ப்ரீபெய்டு, சப்-மீட்டர்: ஓர் அலசல்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் ஒரே தெருவில் மூன்று விதமாகக் கரண்ட் ஓடுகிறது. ஒரு வீட்டுக்கு மாதாமாதம் பில் வரும். அடுத்த வீட்டில் முதலில் காசு கட்டி யூனிட் வாங்கிப் போடும் மாநகராட்சியின் ப்ரீபெய்டு மீட்டர். அதன் பின்னால் வாடகைக்கு விட்ட பின்னறையில் (அவுட்பில்டிங்), வீட்டுக்காரர் ஒரு கம்பெனியைக் கொண்டு மாட்டிய தனியார் சப்-மீட்டர். எது மலிவு என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கரண்டை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, நிறுத்துமுன் எத்தனை நாள் அவகாசம் தர வேண்டும் என்ற கேள்வியை அதற்கும் முன்னால் வைக்க வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகுவது அங்கேதான்.

2009 அக்டோபரில் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் அடுத்தடுத்த இரு நாட்களில் இரண்டு தீர்ப்புகள் சொன்னது. 8-ஆம் தேதி வந்தது மஸிபுகோ வழக்கு, ஜோஹன்னஸ்பர்க்கின் சொவேட்டோவில் ஃபிரி பகுதித் தண்ணீர் மீட்டர்கள் பற்றியது. ப்ரீபெய்டு மீட்டரில் தண்ணீர் நின்றுபோவது துண்டிப்பு ஆகாது, தற்காலிக நிறுத்தம்தான் என்றது நீதிமன்றம். மறுநாள் ஜோசப் வழக்கு. ஜோஹன்னஸ்பர்க் அடுக்குமாடி ஒன்றில் குடியிருந்தவர்கள் கரண்ட் காசை வீட்டுக்காரரிடம் ஒழுங்காகக் கொடுத்திருந்தார்கள், அவர் நகராட்சிக்குக் கட்டவில்லை. குடியிருப்பவர்களுக்கு 14 நாள் முன்னறிவிப்பு தராமல் கரண்டை வெட்டக்கூடாது என்று அங்கே தீர்ப்பானது. முதல் வழக்கு தண்ணீரைப் பற்றியதுதான். ஆனாலும் ப்ரீபெய்டு கரண்ட் உள்ள வீட்டில் நடப்பதும் அதேதான். யூனிட் தீர்ந்த இரவில் நோட்டீஸ் ஒட்ட யாரும் வருவதில்லை.

1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் சாட்ஸ்வொர்த்தில் பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யவும் தண்ணீர், கரண்டை வெட்டவும் ஆட்கள் வந்தபோது, அக்கம்பக்கம் வாசலில் வந்து நின்றது. சமூகப் போராளி ஃபாத்திமா மீர் போன்றவர்கள் துணை நின்றார்கள். வெட்ட வருபவருக்கு ஒரு முகம் இருந்ததால்தான் எதிர்த்து நிற்க முடிந்தது. ப்ரீபெய்டில் அந்த முகம் கிடையாது. வீட்டுக்குள் ஒரு எண் சுழியமாகிறது, கதவைச் சாத்திக்கொண்டு குடும்பம் இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரிவதில்லை.

மாதப் பில்

சட்டப் பாதுகாப்பு அதிகம் உள்ள முறை இது. முன்னறிவிப்பு உண்டு, தகராறு செய்ய இடம் உண்டு. முதலில் டெபாசிட் கட்ட வேண்டும். பெரிய தொல்லை உத்தேச ரீடிங். கேட் பூட்டியிருந்தால், நாய் அவிழ்ந்திருந்தால், ரீடிங் எடுப்பவர் உள்ளே வராமல் போய்விடுவார், பில் குத்துமதிப்பாக வரும். பல மாதம் குறைவாகப் போட்டுவிட்டு, ஒருநாள் உண்மையான ரீடிங் எடுத்ததும் மொத்தத்தையும் ஒரே பில்லில் தூக்கிப் போடுவார்கள்.

மாதம் ஒரே தேதியில் மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். மீட்டர் எண்ணும் ரீடிங்கும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். தகராறுக் கடிதத்தில் "பில் அதிகம்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. தகராறில் உள்ள தொகைக்காக வெட்டாமல் காக்கும் முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டத்தின் 102(2) பிரிவு தரும் பாதுகாப்பு, குறிப்பிட்ட தொகைக்குத்தான். எந்த மாதம், எந்த மீட்டர், எத்தனை ரேண்ட் என்று எழுதுங்கள். தகராறில் இல்லாத பாக்கித் தொகையைக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அதைக் காரணம் காட்டியே வெட்டுவார்கள்.

மாநகராட்சி ப்ரீபெய்டு

வாரச் சம்பளக்காரர்களுக்கும் உதவித்தொகையில் வாழும் முதியவர்களுக்கும் இதில் உண்மையான நன்மை இருக்கிறது. திடீர் பில் கிடையாது, செலவு கண்ணுக்குத் தெரியும். 150 லிட்டர் கீசரில் 20 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 7 யூனிட் ஆகும் என்பதை மீட்டரில் ஒருமுறை பார்த்தவர் நாள் முழுக்க கீசரை ஓடவிட மாட்டார்.

கவனிக்க வேண்டியவை ரசீதில் இருக்கின்றன. கொடுத்த பணம் முழுதும் யூனிட்டாகிவிடாது. 15% வாட் போகும், பழைய பாக்கி இருந்தால் ஒவ்வொரு வாங்கலிலும் ஒரு பங்கைப் பிடிப்பார்கள். சில ஊர்களில் நிலைக் கட்டணமும் உண்டு. ஜோஹன்னஸ்பர்க்கில் 2024 ஜூலையில் ப்ரீபெய்டு வாடிக்கையாளர்மேல் மாதம் 200 ரேண்ட் விதித்தார்கள், வாட் சேர்த்து 230. குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்கே இந்த வகைக் கட்டணம் அதிகம் வலிக்கும். படிநிலை விலை உள்ள ஊரில், ஒரே மாதத்தில் அதிகம் வாங்க வாங்க அடுத்த யூனிட்டின் விலை ஏறும். தீபாவளிப் பலகாரம் சுடும் மாதத்திலும், பின்னறையில் இன்னொரு குடும்பம் அதே மீட்டரில் இருக்கும்போதும் இது கையைக் கடிக்கும். முதல் தேதியில் கணக்கு மறுபடி கீழ்ப்படியிலிருந்து தொடங்குவதால், மாதக் கடைசியில் மொத்தமாக வாங்கி வைப்பது நஷ்டம். ஏழைக் குடும்பங்களுக்கான இலவச யூனிட்டை அந்தந்த மாதமே கேட்டு வாங்க வேண்டும், விட்டதைச் சேர்த்துத் தரமாட்டார்கள்.

2024 நவம்பர் 24 நினைவிருக்கும், ப்ரீபெய்டு மீட்டர்களுக்கு வைத்த கெடு நாள். யூனிட் வாங்கும்போது ரசீதில் வரும், மீட்டரில் அழுத்த வேண்டிய எண்தான் டோக்கன். டோக்கன் ஒவ்வொன்றுக்கும் 1993 ஜனவரி 1 முதல் எண்ணிய நிமிடங்கள்தான் அடையாளம். அந்த எண்ணுக்கு ஒதுக்கிய 24 பிட் இடம் அன்றோடு நிரம்பியது. டோக்கனைச் சரிபார்க்கும் ரகசிய எண்ணான சாவியை மாற்றாத மீட்டர் அதற்குப்பின் புது டோக்கனை ஏற்காது. மாற்றும் முறை எளிது, வரிசைதான் முக்கியம். கையில் பழைய டோக்கன் மிச்சமிருந்தால் அதை முதலில் போட்டுவிடுங்கள், சாவி மாறியபின் அது செல்லாது. பிறகு ரசீதில் வரும் இரண்டு 20 இலக்கச் சாவி டோக்கன்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள். வாங்கிய யூனிட் டோக்கன் கடைசியில்தான். ரசீதில் கே.ஆர்.என். (சாவியின் பதிப்பு எண்) என்ற இடத்தில் 2 என்று இருந்தால் மாற்றம் புதிய சாவிக்கு வந்துவிட்டது என்று பொருள்.

தனியார் சப்-மீட்டர்

இங்கே நிறுத்திப் பேச வேண்டும். மூன்றில் குடியிருப்பவருக்குப் பாதுகாப்பு மிகக் குறைந்தது இதுதான். ஒப்பந்தம் வீட்டுக்காரருக்கும் மீட்டர் கம்பெனிக்கும் இடையில், பணம் கொடுப்பவர் வாடகைதாரர். அவர் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே இல்லை, கட்டணம் ஏறினாலும் அவரைக் கேட்பதில்லை.

கம்பெனி தன் கூலியை ஒவ்வொரு டோக்கனிலும் கழித்துக்கொள்ளும். கழிவு 8% என்று வைத்துக்கொண்டால், 100 ரேண்டுக்கு 92 ரேண்ட் கரண்ட்தான் கையில் வரும். 50 ரேண்டாக அடிக்கடி வாங்குபவரிடம், சதவீதத்தோடு ஒவ்வொரு தடவைக்கும் நிலைத்தொகையும் பிடித்தால் இழப்பு இன்னும் கூடும். மறுவிற்பனை செய்பவர், மாநகராட்சியிடம் நேரடியாக வாங்கினால் கிடைப்பதைவிட மோசமான விலையில் விற்கக்கூடாது என்பது நாட்டின் மின்விலைக் கொள்கை. ஆக, வாடகைதாரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: யூனிட் விலை என்ன, அதே யூனிட்டை மாநகராட்சி என்ன விலைக்கு விற்கிறது? இரண்டு ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது ஆபத்து பெரியது. வாடகைதாரர் முன்கூட்டியே பணம் கட்டியிருப்பார், மீட்டரில் 80 யூனிட் மிச்சமிருக்கும். வீட்டுக்காரர் அந்தப் பணத்தை நகராட்சிக்குக் கட்டாவிட்டால், வீட்டுக்காரர் பெயரில் நகராட்சி வைத்த முதன்மை மீட்டரிலேயே வெட்டிவிடுவார்கள், 80 யூனிட்டும் வெறும் எண். ஜோசப் வழக்கின் 14 நாள் பாதுகாப்பு இங்கே நகராட்சிக்கு எதிராகக் கைகொடுக்கும். வீட்டுக்காரரே வாடகைப் பாக்கிக்காக டோக்கன் விற்பனையை முடக்கச் சொன்னால் கதை வேறு. பெயர் எதுவானாலும் அது துண்டிப்புதான். நீதிமன்ற உத்தரவில்லாமல் அதைச் செய்ய அவருக்கு உரிமையில்லை. வீட்டு வாடகைத் தீர்ப்பாயத்தில் கட்டணமின்றிப் புகார் கொடுக்கலாம். ரசீதுகளையும் மீட்டர் திரையின் படத்தையும் கொண்டுபோங்கள்.

வீட்டுக்காரர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரசீதில் எஸ்.ஜி.சி. என்று, மீட்டர் எந்த விற்பனைக் குழுவைச் சேர்ந்தது எனக் காட்டும் ஆறு இலக்க எண் இருக்கும். அது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண்ணாக இருந்தால் நாளை வேறு கம்பெனிக்கு மாறலாம். ஒரே கம்பெனிக்குச் சொந்தமான எண்ணாக இருந்தால், அவர்கள் சாவி மாற்ற டோக்கன் கொடுத்தால்தான் மீட்டர் உங்களுடையது. மீட்டருக்குக் காசு கொடுப்பதற்கு முன் இதை எழுத்தில் வாங்குங்கள்.

ஒரே ஒரு பின்னறைதான் என்றால் சப்-மீட்டர் கம்பெனியே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. டோக்கன் இல்லாத சாதாரணச் சரிபார்ப்பு மீட்டர் ஒன்றை எலக்ட்ரீசியன் போர்டில் பொருத்தித் தருவார். மாதக் கடைசியில் இருவரும் சேர்ந்து ரீடிங் பார்த்து, மாநகராட்சி விலையிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கழிவு யாருக்கும் போகாது. வாடகைதாரர் கட்டாமல் போய்விடுவாரோ என்ற பயத்துக்கு ஒரு மாதக் கரண்ட் டெபாசிட் போதும்.

எந்த மீட்டரானாலும் குடிபுகும் முன்பே இரண்டு சோதனை. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரின் சின்ன விளக்கைப் பாருங்கள். அப்போதும் துடித்தால், வாசல் விளக்கோ இன்னொரு அறையின் கீசரோ உங்கள் கணக்கில் ஓடுகிறது. துடிக்கவில்லையென்றால், 2000 வாட் என்று போட்ட கெட்டிலில் நிறையத் தண்ணீர் ஊற்றிப் போட்டு, ஒரு நிமிடம் துடிப்பை எண்ணுங்கள். மீட்டரில் யூனிட்டுக்கு 1000 துடிப்பு என்று அச்சிட்டிருந்தால் 33 வரவேண்டும். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தில் 30 முதல் 37 வரை வரலாம். 40-ஐத் தாண்டினால் இன்னொரு கெட்டிலில் எண்ணிப் பாருங்கள், அதிலும் அப்படியே வந்தால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் மீட்டரை மாற்றச் சொல்லுங்கள்.