ஒரே போனட்டில் மூன்று பூச்சு, ஒரு வெற்றுப் பட்டை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மரத்தடியில் நிறுத்திய காரைத் திங்கட்கிழமை காலையில்தான் எடுத்தேன். போனட் நடுவில் பறவை எச்சம், காய்ந்து சுண்ணாம்புக் கட்டி மாதிரி கிடந்தது. தண்ணீர் விட்டு ஊறவைத்துத் துடைத்தேன். எச்சம் போய்விட்டது, அதன் தடம் போகவில்லை. சட்டைப் பொத்தான் அளவுக்கு மங்கலாக ஒரு வட்டம், ஓரமெல்லாம் லேசாகச் சுருங்கி. ஷாம்பு போட்டேன், பாலிஷ் போட்டேன், நகத்தால்கூடச் சுரண்டினேன். சுரண்டக் கூடாது என்று தெரியும். கை கேட்கவில்லை.

தெரிந்த பெயின்டர் ஒருவரிடம் காட்டினேன். குனிந்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது கறை இல்ல சார். மேல இருக்கிற கிளியரே உள்வாங்கிருச்சு. பாலிஷ்ல கொஞ்சம் மங்கும், முழுசா போகாது."

"வாக்ஸ் போட்டிருந்தா இப்படி வந்திருக்காதுல்ல அண்ணே?"

"மூணு நாள் வெயில்ல விட்டா எதுவும் தாங்காது சார். அன்னைக்கே துடைச்சிருந்தா, வாக்ஸ் காப்பாத்தியிருக்கும்."

அவர் சொன்னதன் காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். எச்சத்தில் இருக்கும் அமிலம் பாதிக் குற்றவாளிதான். கிளியர் கோட் என்பது நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பெயின்ட் படலம். வெயிலில் அது இளகி விரிகிறது. மேலே எச்சம் காய்ந்து கெட்டியாகிறது. வெயில் இறங்கியதும் கிளியர் கோட் சுருங்கும்போது, அந்தக் கட்டியின் கரடுமுரடான அடிப்பக்கத்தை அச்செடுத்த மாதிரி அப்படியே பிடித்துக்கொள்கிறது. நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிவது அந்த அச்சு. கிளியர் கோட்டின் கனமே சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியை விடவும் மெல்லியது. அதன் மேல் நாம் பூசும் மெழுகு ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அந்த மெல்லிய படலம் செய்யக்கூடியதெல்லாம், கெட்டது நேராகப் பெயின்டைத் தொடுவதைச் சில மணி நேரம் தள்ளிப்போடுவது. கல் தெறித்தால், சாவி கீறினால், அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த ஞானத்தோடு கடைக்குப் போனால் அலமாரி முழுக்க டப்பாக்கள், எல்லாவற்றிலும் ஒரே வார்த்தை: பளபளப்பு. எனக்குப் பளபளப்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கார் மேல் என்ன விழுகிறது என்று எந்த டப்பாவும் என்னைக் கேட்கவில்லை. நானே கணக்கெடுத்தேன். மரத்தடி, அதனால் எச்சமும் பிசினும். வேலை செய்யும் இடத்துக்குப் பின்னால் ரயில் தண்டவாளம், அதனால் இரும்புத் தூள். கழுவுவது உப்புத் தண்ணீரில், அதனால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. கார் அடர் நீலம், அதனால் எல்லாமே தெரியும். இரும்புத் தூளைத் தவிர. அது வெள்ளைக் காரில்தான் ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரியும். என் காரில் அதைக் கையால்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எப்படி என்றால், கழுவித் துடைத்த போனட் மேல், கையை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுத் தடவ வேண்டும். வெறும் விரலுக்கு வழுவழு என்று இருந்த இடம், பை போட்ட விரலுக்கு உப்புத்தாள் மாதிரி நறநறவென்றது. நிஜமாகவே திடுக்கிட்டேன். தண்டவாளத்தில் சக்கரம் உரசும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் பறக்கும் சூடான இரும்புத் துகள், பெயின்டில் போய்க் குத்தி உட்கார்ந்துகொள்கிறது. பிறகு அங்கேயே துருப்பிடிக்கிறது. இதன் மேல் எவ்வளவு உயர்ந்த மெழுகைப் பூசினாலும், முள்ளை எடுக்காமல் மருந்து போட்ட கதைதான்.

ஆகவே மெழுகு வாங்கப் போனவன் முதலில் வாங்கியது, இரும்புத் தூளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவரும், ஒட்டியிருக்கும் துகளை இழுத்தெடுக்கும் கிளே கட்டியும். ரிமூவரை நிழலில், சூடு ஆறிய பெயின்டில் அடிக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் போனட்டின் கீழ் விளிம்பிலிருந்து ஊதா நிறத்தில் சாறு வடிய ஆரம்பித்தது. அதிலிருக்கும் தயோகிளைகோலேட் இரும்போடு சேர்ந்தால் வரும் நிறம் அது. நாற்றம் அழுகிய முட்டை. ஆனால் அந்த ஊதாவைப் பார்க்கும்போது ஒரு குரூரமான திருப்தி வருகிறது, மறுக்க மாட்டேன். காயவிடாமல் கழுவிவிட வேண்டும்.

மிச்சத்துக்குக் கிளே. பெயர்தான் களிமண், கையில் பிசைந்தால் பிள்ளைகள் விளையாடும் மாவு மாதிரி இருக்கும். வழுக்கலுக்கு ஷாம்புத் தண்ணீரோ லூப்ரிகன்டோ தாராளமாக அடித்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். முதலில் இழுத்துப் பிடிக்கும். போகப் போகச் சத்தமே இல்லாமல் சறுக்கும். சறுக்கினால் அந்த இடம் முடிந்தது. இங்கே நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டி கை நழுவித் தரையில் விழுந்தது. பாதிக்கு மேல் புதுசாக இருந்ததால் தூக்கிப் போட மனசில்லை. மண்ணை எல்லாம் பொறுக்கிவிட்டு, மடித்துத் தேய்த்தேன். இடது மட்கார்டில் மயிரிழைக் கீறல் நாலு. கீழே விழுந்த கிளே குப்பைக்கு, இரண்டாவது யோசனையே வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாஸ்க்கிங் டேப் ஒட்டி போனட்டை நீளவாக்கில் பிரித்தேன். மூன்று அகலமான பட்டையில் மூன்று பூச்சு. வலது ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு ஒன்றுமே இல்லை. அந்த வெற்றுப் பட்டைதான் இந்தச் சோதனையில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. பூசுவதற்கு முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து ஒரு முறை துடைத்தேன். பாலிஷின் எண்ணெய் ஒட்டியிருந்தால் பூச்சு, முக்கியமாக சீலன்ட் என்னும் செயற்கைப் பூச்சு, பெயின்டைப் பிடிக்காது.

முதல் பட்டை, டப்பாவில் வரும் கார்னோபா மெழுகு. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை, வறட்சியில் தன் ஓலை காய்ந்துவிடாமல் இருக்கத் தானே பூசிக்கொள்ளும் மெழுகு இது. உருகுநிலை 82 டிகிரி செல்சியஸுக்கு மேல். இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றில் ஒன்று, அதனாலேயே தனியாகப் பூச முடியாது. டப்பாவில் இருப்பது கரைப்பானும் எண்ணெயும் வேறு மெழுகுகளும் சேர்ந்த கலவை. "நூறு சதவீதம்" என்று மேலே போட்டிருந்தால் அது உள்ளே சேர்த்த கார்னோபாவின் தூய்மையைச் சொல்வது, டப்பாவைச் சொல்வதல்ல. பூசும்போது சுகம். வாசனை சுகம். துடைத்ததும் அடர் நீலம் ஈரமாக இருக்கிற மாதிரி ஓர் ஆழம் வந்தது. மற்ற இரண்டிலும் அது வரவில்லை. ஆறு வாரம். அவ்வளவுதான். வாரம் ஒரு முறை கழுவுகிறவன் நான். ஆறாவது கழுவலில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் சோம்பலாகப் பரவியது. எஞ்சின் சூடும் வெயிலும் ஒன்றாகச் சேரும் இடம் போனட். கதவில் பூசியிருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கலாம்.

இரண்டாவது, முழுக்கச் செயற்கைப் பாலிமர் சீலன்ட். பால் மாதிரி திரவம். பூசத் துளிக்கூடக் கஷ்டமில்லை, துடைக்கவும் எளிது. கண்ணாடி மாதிரி மினுக்கம், கொஞ்சம் உணர்ச்சியற்ற மினுக்கம். சிக்கல் எங்கே என்றால், பூசியபின் பன்னிரண்டு மணி நேரம் ஈரமே படக்கூடாது என்று பாட்டிலில் எழுதியிருந்தது. என் கார் நிற்பதோ திறந்தவெளி. முதல் தடவை விடியற்காலைப் பனி இறங்கி, அந்தப் பட்டை மட்டும் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாக ஆகிவிட்டது. மறுபடி சுத்தம் செய்து, நண்பர் வீட்டு ஷெட்டில் ஓர் இரவு நிறுத்தி, திரும்பப் போட்டேன். அதன்பின் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து மாதம் தாண்டியும் தண்ணீர் வழுக்கி ஓடியது. தூசியும் அதில்தான் குறைவாக ஒட்டியது.

மூன்றாவது, காலினைட் 845. இதை வாங்கியதே பெயருக்காகத்தான்: இன்சுலேட்டர் வாக்ஸ். மின்கம்பங்களில் இருக்கும் இன்சுலேட்டரில் அழுக்கும் ஈரமும் படிந்து மின்சாரம் தாவிவிடாமல் இருக்கப் பூசிய சரக்கு, பிறகு காருக்கு வந்தது. பளபளப்பைப் பற்றிக் கவலையே இல்லாத இடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த மெழுகு என்பது எனக்குப் பிடித்திருந்தது. கார்னோபாவும் பாலிமரும் கலந்தது. குளிர்ந்தால் பாட்டிலுக்குள்ளேயே கெட்டியாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி, நன்றாகக் குலுக்கினால் இளகிவிடும்.

இதில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று, கஞ்சத்தனம். முதல் தடவை தாராளமாகப் பூசிவிட்டுத் துடைக்க முடியாமல் தோள்பட்டை கழன்றது. இப்போது ஸ்பாஞ்சில் நாலு பொட்டு, அதுவே ஒரு கதவுக்குப் போதும். பூசியது தெரியவே கூடாது; லேசாகப் பனி மூட்டம் போட்ட மாதிரி இருந்தால் சரி. சில நிமிடம் கழித்து விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம், பிசுபிசுவென்று இழுபட்டால் இன்னும் பொறுக்க வேண்டும். கறுப்புப் பிளாஸ்டிக்கில் மட்டும் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளையாகக் காய்ந்து நிற்கும். எனக்கு வைப்பர் ஓரத்தில் பட்டுவிட்டது. மகளின் பென்சில் அழிப்பான்தான் காப்பாற்றியது. நாலரை மாதம் தாங்கியது. ஆழம் டப்பா மெழுகுக்கு ஒரு படி கீழே, ஆயுள் சீலன்டுக்கு ஒரு படி கீழே.

நடுவில் ஒரு செராமிக் ஸ்பிரேயும் கூரையில் அடித்துப் பார்த்தேன். முத்து நிற்பதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் நான் கழுவுவது உப்புத் தண்ணீரில் ஆயிற்றே. உருண்டு திரண்ட ஒவ்வொரு முத்தும் நின்ற இடத்திலேயே வெயிலில் காய்ந்து, கால்சியத்தை வட்டமாக விட்டுவிட்டுப் போனது. வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து, உடனே கழுவினால் போகிறது. ஆனால் அது மேல் பூச்சையும் கொஞ்சம் தின்றுவிடும். கழுவியதும் துடைக்கிற பழக்கம் இல்லாதவர்கள் முத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். முத்து வராமல் போனால் பூச்சு போய்விட்டது என்றும் பதற வேண்டாம். மூன்றாம் மாதம் 845 பட்டையில் தண்ணீர் பரவ ஆரம்பித்தது. நல்ல ஷாம்பு போட்டுக் கழுவியதும் மறுபடி முத்து. மேலே படிந்திருந்தது வெறும் அழுக்கு.

எச்சம்? அதற்காகத்தானே இத்தனையும். ஆறு மாதத்தில் போனட்டில் விழுந்தது நாலு. சீலன்ட் பட்டையில் ஒன்று, 845-இல் ஒன்று. இரண்டையும் அன்றே, ஈரத்துணியை மேலே கொஞ்ச நேரம் போட்டு வைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன், தடமே இல்லை. டப்பா மெழுகில் விழுந்தது இரண்டாம் மாத முடிவில், மெழுகு ஏற்கெனவே விடைபெற்ற பின். மங்கலாக ஒரு நிழல் நின்றுவிட்டது. வெற்றுப் பட்டையில் விழுந்ததையும் அன்றே எடுத்தேன், ஆனாலும் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் தெரிகிறது. பட்டைக்கு ஒரு எச்சம் என்பது பெரிய சோதனை இல்லை, தெரியும். பறவைக்கு என் டேப் கோடு எங்கே தெரியப்போகிறது?

பிளாஸ்டிக் பையைப் போட்டு ஆறாம் மாதமும் தடவினேன். மூன்று பட்டையிலும் இரும்பு நறநறத்தது, வெற்றுப் பட்டையில் கொஞ்சம் அதிகம். சூடாக வந்து குத்தும் துகளை இந்தப் படலம் எதுவும் நிறுத்துவதில்லை. ஆனால் ரிமூவர் அடித்தபோது சீலன்ட் பட்டையில் ஒரே கழுவலில் எல்லாம் வந்துவிட்டது. வெற்றுப் பட்டைக்கு மறுபடி கிளே எடுக்க வேண்டியிருந்தது.

ஓர் இரவு ஈரம் படாமல் நிறுத்த இடம் இருக்கிறவர்கள் சீலன்டை வாங்குங்கள். எனக்கு அந்த இடம் இல்லை, அதனால் என் கார் முழுக்க இப்போது 845, நாலு மாதத்துக்கு ஒரு முறை. இரண்டும் வேண்டும் என்றால் அடியில் சீலன்ட், அது இறுகிய பின் மேலே மெழுகு. தலைகீழாகப் போட்டால் சீலன்ட் பிடிக்க இடமிருக்காது. டப்பா கார்னோபாவைத் தூக்கிப் போடவில்லை. ஏதாவது விசேஷத்துக்குப் போகும் முந்தின நாள், வாசனைக்காகவே, கதவுகளுக்கு மட்டும் ஒரு கை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த வெற்றுப் பட்டைக்கும் 845 பூசிவிட்டேன். டேப் ஒட்டியிருந்த கோடு மட்டும் இன்னும் தெரிகிறது. மச்சான் வந்து பார்த்துவிட்டு, "இந்த ஓரம் வேற பெயின்டா மாமா?" என்று கேட்டான்.