பலகையை நீளவாக்கில் அறுக்க: ரியோபாவா, கத்தபாவா, தள்ளு ரம்பமா?

ஜப்பான் ரம்பம் ஒன்று வாங்கலாமா என்று யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில் ரியோபாதான். ஒரே தகட்டின் இரண்டு ஓரத்திலும் பல், ஒரு பக்கம் நீளவாக்கில் அறுக்க, மறுபக்கம் குறுக்கே அறுக்க. ஒரு விலைக்கு இரண்டு ரம்பம் கிடைத்த மாதிரி. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் செய்கிறவருக்கு அது நல்ல யோசனைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வேலையில் பெரும்பகுதி பலகையை நீளவாக்கில் பிளப்பதுதான் என்றால், அதாவது அகலப் பலகையை இரண்டாக்குவது, சட்டத்துக்குக் கீற்று எடுப்பது, கோணலான ஓரத்தைச் சீவித் தள்ளுவது என்றால், என் கணக்கில் ரியோபாவுக்கு இரண்டாவது இடம்தான். ஒரே ஓரத்தில் மட்டும் பல் உள்ள ஜப்பான் ரம்பமான கத்தபா, அதிலும் நீளவாக்குப் பல் வைத்தது, அதைவிட மேல். மூன்றாவதாக நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மேற்கத்திய தள்ளு ரம்பமும் இருக்கிறது, அதையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

முதலில் பல்லைப் பற்றி, ஏனென்றால் பாதிப் பேர் இடறுவது இங்கேதான். நீளவாக்கில் அறுக்கும்போது ரம்பம் மரத்தின் நாரோடு போகிறது, அங்கே ஒவ்வொரு பல்லும் ஒரு குட்டி உளி போல நாரைச் செதுக்கி எடுக்க வேண்டும். குறுக்கே அறுக்கும்போது நாரையே வெட்ட வேண்டும், அதற்குக் கத்தி முனை போலக் கூரான பல் தேவை. கூரான பல்லோடு நீளவாக்கில் இறங்கினால் அறுக்காது என்றில்லை, அறுக்கும், ஆனால் தூள் மாவு மாதிரி கொட்டும், கை வலிக்கும், வெட்டு நார் போன திசையில் மெல்ல நழுவும். சரியான பல்லாக இருந்தால் தூளுக்குப் பதில் சின்னச் சின்ன நூல் மாதிரிச் சுருள்கள் விழும், அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கடைகளில் அதிகம் கண்ணில் படும் 265 மி.மீ. கத்தபாக்கள் பெரும்பாலும் குறுக்குப் பல்லோடு வருபவை, ‘எல்லா வேலைக்கும்’ என்று உறையில் போட்டிருந்தாலும் பல்லை ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஜப்பான் ரம்பம் இழுக்கும்போதுதான் அறுக்கும். அதில் என்ன லாபம் என்றால், தகடு விறைத்து நிற்கிறது. தள்ளும்போது மெல்லிய தகடு மடங்கும், அதனால் தள்ளு ரம்பத்தைத் தடிமனாகத்தான் செய்தாக வேண்டும். இழுக்கும் ரம்பத்துக்கு அந்தக் கவலை இல்லை, அரை மி.மீ.யைச் சற்றே தாண்டிய தகடு போதும், வெட்டுத் தடமும், அதாவது ரம்பம் போன பிளவின் அகலமும், பெரும்பாலும் 1 மி.மீ.க்குள் அடங்கிவிடும். நல்ல தள்ளு ரம்பத்தின் தடம் ஒன்றரை மி.மீ. அளவுக்கு வரும். தடம் குறைந்தால் தூளாக்க வேண்டிய மரமும் அந்த அளவுக்குக் குறையும், கை களைக்காததற்குக் காரணம் அதுவே.

இப்போது ரியோபாவின் சிக்கலுக்கு வருகிறேன். ரியோபாவால் ஆழமாக அறுக்க முடியாது, பின்பக்கப் பல் மரத்தில் தட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு, நம் பலகை ஒரு அங்குலம்தானே, ஆழம் எங்கே வரப்போகிறது என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் நீளவாக்கு அறுப்பில் பிரச்சினையே ஆழம் இல்லை. பலகையின் முனையிலிருந்து ஒரு சாண் போனதும் யோசித்துப் பாருங்கள்: முன்னால் இருக்கும் பல் அறுக்காத மரத்தைக் கடிக்கிறது, தகட்டின் பின் ஓரம் ஏற்கெனவே அறுத்த பிளவுக்குள் முழுதாக உட்கார்ந்திருக்கிறது. பலகை எவ்வளவு மெல்லியதானாலும் இதுதான் நிலை. அந்தப் பின் ஓரத்தில் ரியோபாவுக்கு இருப்பது இடமும் வலமுமாக விரித்த குறுக்குப் பல் வரிசை. ரம்பம் நேராகப் போகிறவரை அது சும்மா வரும். மணிக்கட்டு சற்றுத் திரும்பினாலோ, பிளவு கொஞ்சம் இறுகினாலோ, அந்தப் பற்கள் சுவரைக் கீறத் தொடங்கும். அறுத்த முகத்தில் சாய்வாகச் சாய்வாகக் கோடுகள் தெரிந்தால் அது பின்பக்கத்தின் கைவரிசை. அதைவிடத் தொல்லை, கோட்டை விட்டு நழுவியபின் ரம்பத்தைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. திருப்ப வேண்டுமென்றால் தகட்டின் பின்பக்கம் பிளவுக்குள் ஒரு மயிரிழை அசைய இடம் வேண்டும், பல் விரிந்திருப்பதால் அந்த இடம் இல்லை.

கத்தபாவின் பின் ஓரம் வழவழப்பான வெறும் தகடு. விரிந்த பல் இல்லாததால் தடத்துக்குள் அதற்குச் சற்றே இடம் கிடைக்கிறது, நழுவினால் திருத்தலாம். முதுகில் இரும்புப் பட்டையும் கிடையாது, எனவே எத்தனை அடி வேண்டுமானாலும் போய்க்கொண்டே இருக்கலாம். முதுகுப் பட்டை வைத்த தோஸுகி நேர்த்தியான இணைப்பு வேலைக்கான ரம்பம், அதைப் பலகை பிளக்க எடுக்காதீர்கள், பட்டை முட்டும் இடத்தில் ஆட்டம் முடிந்தது.

அதற்காக ரியோபாவை ஒரேயடியாக ஒதுக்கவும் மாட்டேன். நல்ல ரியோபாக்களில் நீளவாக்குப் பல் கைப்பிடிப் பக்கம் சிறிதாகத் தொடங்கி நுனிக்குப் போகப் போகப் பெரிதாகும், வெட்டைத் தொடங்க இது மிகவும் வசதி. இரண்டடி நீளம், முக்கால் அங்குலத் தடிமன், நேரான நார் உள்ள மென்மரம் என்றால் 240 மி.மீ. ரியோபா மளமளவென்று வேலையை முடித்துவிடும், உடனே திருப்பிப் பிடித்துக் குறுக்கேயும் அறுத்துக்கொள்ளலாம். கட்டட வேலைக்கு ஒரே ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு அதுதான் தோது.

ஜப்பானில் மரக்கட்டையைப் பலகையாக அறுத்த பழைய ரம்பத்தைப் பார்த்தாலும் இது புரியும். நீளவாக்கு அறுப்புக்கான பெரிய ரம்பங்கள் பரவுவதற்கு முன் அங்கே ஸுகி, ஹினோகி என்ற அந்நாட்டு மென்மரங்களை ஆப்பு அடித்துப் பிளந்தே பலகை எடுத்தார்கள், நார் அவ்வளவு நேர். பின்னால் வந்த மயெபிகி ஓகா என்ற ஒற்றை ஆள் ரம்பத்தின் தகடு திமிங்கலத்தின் உடல் போல விரிந்திருக்கும், பல் ஒரு ஓரத்தில் மட்டும். அந்த அகலத் தகடு பிளவுக்குள் சுவரோடு ஒட்டி ஓடுவதால் வெட்டு அலையாது. இன்றைய கத்தபாவை நான் அந்தச் சாதியில்தான் சேர்ப்பேன்.

சரி, தள்ளு ரம்பம். 26 அங்குல நீளம், அங்குலத்துக்கு ஐந்தோ ஆறோ பல், எடையும் உண்டு. பலகையை முழங்கால் உயர முக்காலியில் போட்டு, ஒரு காலால் அழுத்தி, தோளிலிருந்து தள்ளும்போது உடம்பின் பாரமே பாதி வேலையைச் செய்கிறது. ஒன்றரை அங்குலத்துக்கு மேல் தடித்த தேக்கு, வேங்கை, பழைய வீட்டு உத்தரம் என்று வந்தால் இதைத் தயங்காமல் எடுப்பேன். தேக்கில் சிலிக்கா இருக்கிறது, எந்தப் பல்லையும் அது மழுக்கிவிடும். தள்ளு ரம்பம் மழுங்கினால் முக்கோண அரம் ஒன்று போதும், திண்ணையில் உட்கார்ந்தே தீட்டிக்கொள்ளலாம். இன்று கடையில் வரும் ஜப்பான் தகடுகள் பலவற்றில் பல்லின் நுனியை மட்டும் சூடேற்றிக் கடினமாக்கியிருப்பார்கள், வழக்கமான அரம் அதில் வழுக்கும். மழுங்கினால் புதுத் தகடு மாட்ட வேண்டியதுதான். அப்புறம் ஸுகி, ஹினோகி போன்ற மென்மரத்துக்கென்று செய்த பெரிய பல்லைக் கணுவுள்ள வன்மரத்தில் ஆத்திரத்தோடு இழுத்தால் ஒன்றிரண்டு பல் முறியும். வன்மரத்துக்கென்று தனிப் பல்லும் செய்கிறார்கள், கேட்டு வாங்க வேண்டும்.

வெட்டு நேராக வருவது எந்த ரம்பத்திலும் மூன்று விஷயத்தைப் பொறுத்தது, ஜப்பான் ரம்பத்தில் இன்னும் கொஞ்சம் அதிகமாக. கோடு பலகையின் இரண்டு முகத்திலும் இருக்க வேண்டும், முனையிலும் இரண்டையும் இணைத்து ஒரு கோடு. ஒரு முகத்தில் ஒரு சாண் அறுத்ததும் பலகையைப் புரட்டி மறு முகத்தில் அறுங்கள், முன்பு வெட்டிய தடமே ரம்பத்துக்கு வழி காட்டும், இரண்டு பக்கமும் மாறி மாறி வந்தால் உள்ளே கோணல் விழ வாய்ப்புக் குறைவு. இரண்டாவது சாய்வு. ரம்பத்தைத் தாழ்த்திப் பிடித்தால் நிறைய தகடு மரத்துக்குள் இருக்கும், போக்கு நேராகும், வேகம் குறையும். நிமிர்த்தினால் மரத்துக்குள் இருக்கும் தகடு குறையும், வேகமும் கூடும், நழுவியதைத் திருத்தவும் அப்போதுதான் முடியும். எனவே தொடக்கத்தில் தாழ்வு, ஓட்டம் பிடித்தபின் சற்று நிமிர்வு. மூன்றாவது கை: இரண்டு கையாலும் பிடித்து, தகடும் மூக்கும் ஒரே கோட்டில் வரும்படி நின்று இழுங்கள். அழுத்தவே வேண்டாம், இழுவையின் நீளம்தான் அறுக்கும். தள்ளு ரம்பத்தில் பழகிய கை இங்கேயும் முன்னே தள்ளும்போது அமுக்கும், மெல்லிய தகடு மடங்குவது அந்த நொடியில்தான்.

இழுக்கும் ரம்பத்தின் ஒரு குறை, தூளை உங்கள் பக்கமே கொண்டுவந்து கோட்டின் மேல் கொட்டுகிறது. பென்சில் கோடு அதில் மறைந்துபோகும், கத்தியால் கீறிய கோடு என்றால் ஊதினதும் பளிச்சென்று தெரியும். பிளவு இறுகத் தொடங்கினால் ரம்பத்தோடு மல்லுக்கு நிற்காமல் பின்னால் ஒரு சின்ன ஆப்பைச் செருகிவிடுங்கள். சில மரங்கள் உள்ளே இழுவிசையோடு இருக்கும், அறுத்ததும் இரண்டு பாதியும் ஒன்றையொன்று நெருங்கும், அது ரம்பத்தின் குற்றமில்லை. கோட்டுக்கு ஒரு மி.மீ. வெளியே அறுத்து மிச்சத்தை இழைப்புளியால் எடுப்பது மூன்று ரம்பத்துக்கும் பொது, கத்தபா விட்டுவைக்கும் முகத்துக்குத்தான் இழைப்பு குறைவாகத் தேவைப்படும்.

நடுவில் ரம்பம் மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: கத்தபாவில் தொடங்கி, கை சலித்து, தள்ளு ரம்பத்துக்கு மாற முடியாது. தடித்த தகடு அந்த மெல்லிய தடத்துக்குள் நுழையாது. தள்ளு ரம்பத்தில் தொடங்கிக் கத்தபாவுக்கு வரலாம், ஆனால் அகலத் தடத்துக்குள் தகடு ஆடும், முதல் ஒரு சாணுக்குத் தாழ்த்திப் பிடித்து மெதுவாக இழுத்தால்தான் தன் தடத்தைக் கண்டுபிடிக்கும்.