எஸ்.பி. ரோட்டில் வாங்கிய டிவிடி பிளேயர்

அம்மாவிடம் பக்திப் பாடல், நாடக டிவிடிகள் பெட்டி நிறைய இருக்கின்றன. அதற்காகவே பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் போர்ட்டபிள் பிளேயர் வாங்கினேன். வாங்கப் போகிறவர்கள் சொந்த டிஸ்குகளைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுப் பாருங்கள். டிஸ்க் உலகின் எந்தப் பகுதிக்கானது என்று காட்டும் ரீஜன் எண் ஒன்று உண்டு: இந்திய டிஸ்குக்கு ரீஜன் 5, சிங்கப்பூர் மாமா அனுப்பியவற்றுக்கு 3. அதனால் எல்லா ரீஜனும் ஓடும் மாடலாகக் கேட்டு எடுத்தேன். திரையின் அளவைவிடப் புள்ளிகள்தான் முக்கியம். பால் (PAL) என்ற டிவி முறையில் வரும் டிவிடியில் 720x576 புள்ளிகள் உண்டு. 480x234 திரையில் சப்டைட்டில் கலங்கித் தெரியும். என்னுடையது 800x480, எழுத்து பளிச்சென்று இருக்கிறது. பேட்டரிதான் ஏமாற்றம், ஒரு முழுப் படம் தாங்கவில்லை. அப்புறம், 12 வோல்ட் கார் சார்ஜர் கூடவே வந்ததால் சேலம் போகும்வரை அம்மா நாடகம் பார்க்கிறார். ஒலி கொஞ்சம் குறைவு, ஹெட்போன் வேண்டும்.