வீட்டுப் பிளானா, கடைப் பிளானா? சரிவுக் காணியில் கட்டப் போகிறவர்களுக்கு

ஹட்டன் பக்கம் ஏ7 வீதிக்கு மேலே 14 பேர்ச் காணி ஒன்றை மாமா பார்த்து வைத்திருக்கிறார். வீடு கட்டுவதா, இல்லை கீழே இரண்டு கடை, மேலே நாலு ரூம் போட்டுச் சுற்றுலாக்காரருக்கு விடுவதா என்று மூன்று மாதமாக வீட்டில் இதே பேச்சு. வருமானக் கணக்கை அவரே போட்டுக்கொள்ளட்டும். அனுமதி எடுக்கும் வழியில் எது லேசு என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன். மூன்றாவது வழியும் இருக்கிறது: வீடென்று பிளான் கொடுத்துவிட்டு ரூம் விடுவது. ஊரில் நிறையப் பேர் செய்வது அதைத்தான்.

எந்த வழியில் போனாலும் முதலில் தேவைப்படுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி போன்ற மாவட்டங்களில் அது இல்லாமல் உள்ளூராட்சி சபையில் பிளான் நகராது. சரிவு எவ்வளவு, மேலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, பழைய மண்வெட்டு இருக்கிறதா என்றெல்லாம் வந்து பார்ப்பார்கள். கட்டலாம், கட்டக்கூடாது என்பதற்கு நடுவில் 'நிபந்தனையோடு கட்டலாம்' என்றும் அறிக்கை வரலாம். செலவு ஒளிந்திருப்பது அங்கேதான்: தாங்குசுவர், மேற்புறக் கால்வாய், இவ்வளவுக்கு மேல் மண் வெட்டாதே என்ற கட்டுப்பாடு. இதைப் படிக்காமல் மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தைக் கூப்பிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தை 2014 ஒக்டோபரில் மண்சரிவில் புதைந்தது. அந்த இடம் ஆபத்தென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது.

அறிக்கை கையில் வந்தபின், வீட்டுக்கு வேலை குறைவு. நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு உட்பட்ட பகுதியென்றால் 1978ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் ஒழுங்குவிதிகளும் பொருந்தும். மற்ற இடங்களில் 1915இல் வந்த பழைய வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். எதுவானாலும் நாம் போய் நிற்பது நம்ம சபைக் கவுண்டரில்தான். பொதுவாகத் துண்டு 6 பேர்ச்சுக்குக் குறையக்கூடாது. தோட்ட வீடுகளுக்குக் கொடுத்த 7 பேர்ச் அந்தக் கணக்கைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது. இரண்டு மாடி வரையான வீட்டுக்குப் பின்னால் ஏறக்குறைய 2.3 மீற்றர் விட வேண்டும். சமநிலத்தில் அது பாத்திரம் கழுவும் இடம். இங்கே மண்மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருப்பது அது மட்டும்தான், அதனால் அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மலக்குழி எங்கே வருகிறது என்று பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பார்ப்பார். சரிவில் நம் குழி கீழ்வீட்டுக்காரரின் ஊற்றுக்கு மேலே வந்துவிடும், சண்டையும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

கடையும் ரூமும் என்றால் கதை வேறு. வாகனம் நிறுத்த இடத்தைச் சொந்தக் காணிக்குள்ளேயே காட்ட வேண்டும். மேட்டுக் காணியில் அதற்கு மண்ணை வெட்ட வேண்டும். வெட்டினால் மண்சரிவு அறிக்கையின் நிபந்தனை இடிக்கும். மாமாவின் 14 பேர்ச் இந்த இடத்தில்தான் சுருங்குகிறது. ஏ7 ஓரம் என்பதால் வீதி அபிவிருத்தி அதிகார சபை வீதியின் நடுவிலிருந்து அளந்து, எதுவரை கட்டலாம் என்று சொல்லும். கழிவுநீர், குப்பை, தீயணைப்பு என்று கேள்விகள் வரிசையாக வரும். சுற்றாடல் தாக்க மதிப்பீடு 99 ரூமைத் தாண்டிய ஹோட்டல்களின் தலைவலி, நாலு ரூமுக்கு அது பொதுவாக வராது.

மூன்றாவது வழி ஆரம்பத்தில் இனிக்கும். ஆனால் பாவனையை மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும். கட்டி முடித்ததும் வாங்க வேண்டிய இணக்கச் சான்றிதழில் 'வீடு' என்றே இருக்கும். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் அப்படிக் கட்டி ரூம் விட்டார். கடன் கேட்டுப் போனபோது வங்கியில் கேட்ட முதல் காகிதம் அதுதான். மறுபடி பிளான் வரைந்து, இல்லாத பார்க்கிங்குக்கு முன்முற்றத்தை இடித்தார். மிச்சம் பிடித்ததை மேசன் பாஸுக்கும் பெக்கோவுக்கும் கொடுத்தார்.

என்னைக் கேட்டால், வீதி மட்டத்தில் இரண்டு வாகனம் நிற்கத் தட்டையான துண்டு இருந்தால், கடையும் வீடும் சேர்ந்த கட்டடமென்று முதலிலேயே விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் வீடுதான். அனுமதிப்பத்திரம் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், காசு சேர்த்துக்கொண்டே நீட்டிக்கொண்டிருக்க முடியாது.

மாமா இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. மண்சரிவு அறிக்கை சரிவராவிட்டால் பணம் திரும்ப வேண்டும் என்று நொத்தாரிசை வைத்து எழுதி வாங்கச் சொன்னேன். காணிக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.