பெரிய அணியில் உதவியா, சிறிய அணியில் தலைமையா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் நல்ல பெயர் எடுத்த உதவிப் பயிற்சியாளர்களுக்கு வரும் குழப்பம் இது.

சம்பளம்: பெரிய அணியில் உதவியாளருக்கே அதிகம் கிடைக்கலாம். 2012 சீசனுக்கு ஆபர்ன் என்ற பெரிய அணியின் உதவிப் பயிற்சியாளர் வேலையை விட்டு, அர்கன்சாஸ் ஸ்டேட் என்ற சிறிய அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போன கஸ் மால்சானுக்கு வருமானம் குறைந்தது. ஆனால் மறு ஆண்டே ஆபர்னின் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பி, அணியைத் தேசிய இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும்.

நிலைப்பு: தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால் உதவியாளர்களும் பெரும்பாலும் பெட்டி கட்ட வேண்டியதுதான். வர்ஜீனியா டெக் அணியில் 1987 முதல் 2019 வரை உதவியாளராகவே நீடித்த பட் ஃபாஸ்டர் அபூர்வம்.

வேலை: உதவியாளருக்கு வியூகமும் ஆள்சேர்ப்பும். தலைவருக்கு அவற்றோடு நன்கொடையாளர்கள், செய்தியாளர்கள் எல்லாம் உண்டு.

வியூகம் வகுப்பதே உயிர் என்றால் பெரிய அணியிலேயே இருக்கலாம். தலைமைதான் இலக்கு என்றால், சம்பளம் குறைந்தாலும் சரி, சிறிய அணிக்குப் போகலாம்.